கழுகு இறங்காத மேடு

நான் ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம், பசுமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். கையில் ஒரு படிவம், தோளில் துணிப்பை, வெயிலில் சிவந்த முகம். உசிலம்பட்டிப் பக்கம் முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன் என்று யாரோ என் வீட்டைக் காட்டி அனுப்பியிருந்தார்கள். பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி, பார்த்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாளாம்.

"பாறுன்னுதான் சார் அதுக்குப் பேரு. ஆனா பாறுன்னு கேட்டா யாருக்கும் புரியல. அதனால கழுகுன்னே கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.

"முதல்ல எப்ப சார் பாத்தீங்க?"

"பொறந்ததுல இருந்தும்மா."

"கடைசியா?"

எத்தனையோ மாடுகளின் சினைக்காலம் இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது. எந்த ஊரில் எந்த வருடம் கோமாரி வந்தது என்று சொல்லுவேன். ஒரு காலத்தில் தினமும் என் தலைக்கு மேலே சுற்றிய பறவையைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று தெரியவில்லை. அவள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"எதனால இல்லாமப் போச்சுன்னு நெனைக்கிறீங்க சார்?"

"செல்போன் டவருன்னு சொல்றாங்க."

அதையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, பெரியவர் மனம் நோகக்கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "இல்ல சார், டைக்ளோஃபெனாக்னு மாட்டுக்கு வலி ஊசி போடுவாங்கள்ல, அது. ஊசி போட்ட மாடு ரெண்டு மூணு நாளுக்குள்ள செத்துப்போனா மருந்து உடம்புலயே இருக்கும். அதத் தின்னா கழுகுக்குக் கிட்னி போயிரும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

என் மனைவி கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, அவள் போய்விட்டாள். நான் அந்த நாற்காலியை விட்டு வெகுநேரம் எழவில்லை. கேள்விப்பட்டிருக்கேன். என் கையால் எத்தனை ஆயிரம் தடவை அந்த மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றியிருப்பேன்!

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே, மானாவாரி பூமி. ஊருக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஓர் ஓடை. எங்கள் தெருவையும் தாண்டிப் போனால் ஒரு கரட்டு மேடு. ஊருக்குள் மாடு செத்தால் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். அப்பாவும் அண்ணனும் கயிறும் கம்பும் எடுத்துக்கொண்டு போவார்கள். மாடு வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பின்பக்கமாகப் போய், மாட்டைக் கட்டி இழுத்து, ஊரைச் சுற்றிக்கொண்டு மேட்டுக்குக் கொண்டுவருவார்கள். தோல் எங்களுக்கு. மற்றதெல்லாம் கழுகுக்கு.

அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டு எழுவதற்கு முன்பே அவை வந்துவிடும். வானத்தில் ஒரு புள்ளி, பிறகு நாலு, பிறகு எண்ண முடியாது. இறங்கும்போது நனைந்த தார்ப்பாயை உதறுவது போல ஒரு சத்தம். மயிரில்லாத நீளக் கழுத்து, இறக்கையை விரித்தால் முதுகில் ஒரு வெள்ளைப் பட்டை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சண்டை போட்டு, அரைநாளில் ஒரு காளையை வெறும் எலும்பாக்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து கொள்ளும். வயிறு நிறைந்ததால் பறக்க முடியாது.

இதை அழகாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மேட்டை நான் வெறுத்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். நான் குளித்துவிட்டுத்தான் போயிருப்பேன், ஆனாலும் பொத்துவான். நான் படித்ததே அந்த மேட்டிலிருந்து ஓடுவதற்குத்தான். அண்ணன் ஐந்தாவதோடு நின்று கயிற்றைப் பிடித்ததால்தான் நான் படிக்க முடிந்தது.

பயிற்சி முடித்து, கொஞ்ச வருடத்தில் சொந்தப் பக்கத்துக்கே மாற்றலாகி வந்தேன். மோட்டார் சைக்கிள், பின்னால் மருந்துப் பெட்டி. அப்பா பின்வாசலில் நின்ற வீடுகளில் எனக்கு முன்வாசலில் நாற்காலி போட்டார்கள். முதலில் எல்லோரும் போட்டுவிடவில்லை. அந்தப் புது ஊசி வந்த பிறகுதான் போட்டார்கள்.

அதற்கு முன்பெல்லாம், படுத்த மாட்டை எழுப்புவதற்குள் நாலைந்து நாள் ஆகும். இந்த மருந்து அப்படியில்லை. காலையில் போட்டால் சாயங்காலம் மாடு எழுந்து தவிட்டுத் தண்ணீரைத் தேடும். மடிவீக்கம், கால்வலி, காய்ச்சல், எதுவானாலும் கேட்கும். "அவரு கையில ராசி இருக்குப்பா. தொட்டாப் போதும், மாடு எந்திரிச்சிரும்" என்று பேச்சு பரவியது. பக்கத்துத் தாலுகாவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ஆய்வாளர் என்பது போய் டாக்டர் ஆனேன். ஊர்ப் பெரிய வீட்டில் சில்வர் டம்ளரில் எனக்கு மோர் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் என் வலது கையைப் பிடித்துக் கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

எழுந்த மாடுகள்தான் பேச்சில் நின்றன. எழாதவையும் உண்டு. ஊசி போட்டும் பிழைக்காதவை. அவற்றை என் அண்ணன் கட்டி இழுத்து மேட்டில் போட்டார்.

அப்பா இறந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒருநாள் அண்ணன் என்னிடம் வந்து, "தம்பி, மேட்டுல அந்தப் பெரிய மரத்துல கழுகெல்லாம் தலையத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கு. கல்லெடுத்து எறிஞ்சாலும் அசைய மாட்டேங்குது. என்னமோ சீக்கு. நீ வந்து ஒரு ஊசி போட்டுப் பாக்கக்கூடாதா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "கழுகுக்கு ஊசி போட்டேன்னு ரிஜிஸ்தர்ல எழுதுனா என்னைய வேலைய விட்டே தூக்கிருவாங்கண்ணே."

அவரும் சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை. மேட்டுப் பேச்சு எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

அது நடந்து ஐந்தாறு வருடம் கழித்துத்தான் சுற்றறிக்கை வந்தது. மாடுகளுக்கு அந்த மருந்து கூடாது, கழுகுகள் அழிகின்றன என்று காரணமும் போட்டிருந்தது. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். மரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த பறவைகள் என் நினைவுக்கு வந்தன. நான் பார்க்காதவை, அண்ணன் சொன்னவை.

அந்த வாரமே விட்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது. நான் விடவில்லை. மாற்று மருந்து இருந்தது. ஆனால் அதில் மாடு எழுந்திருக்க ஒருநாள் கூடுதலாகும் என்று எனக்கு ஒரு நினைப்பு. புருஷன் இல்லாத ஓர் அம்மா, ஒரே கறவை மாட்டை வைத்துப் பிழைப்பவர், மாடு படுத்துவிட்டது என்று என் காலைப் பிடிக்காத குறையாக நின்றார். "அந்தப் பழைய ஊசியையே போடுங்க டாக்டரு, இது எந்திரிக்கலைன்னா நானும் படுத்துருவேன்" என்றார். மனிதர்களுக்கு விற்கிற அதே மருந்தை மருந்துக்கடையில் வாங்கிப் போட்டேன். மாடு எழுந்தது. அதற்கப்புறம் யாரும் என் காலைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நானே வாங்கி வைத்துக்கொண்டேன். மனதுக்குள் ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். இங்கேதான் கழுகே இல்லையே, இனி யாருக்கு என்ன கெடுதல்?

அந்தச் சமாதானம்தான் மாணவி வந்துபோன அன்று உடைந்தது. கடைசியாக எப்போது பார்த்தேன் என்றே தெரியாதவன், இங்கே இல்லை என்று எதை வைத்து முடிவு கட்டினேன்? எங்காவது ஒன்று இருக்க வேண்டும். ஒன்றாவது. அதை என் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று ஒரு வெறி பிடித்தது.

மறுநாளிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நண்பரைப் பார்க்கப் போகிறேன், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவருக்கு வழி காட்டப் போகிறேன் என்று மனைவியிடம் ஏதேதோ சொன்னேன். உசிலம்பட்டிச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்களிடம் கேட்டேன். கரட்டோரத்து ஊர்களில் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டேன். டவுன் பஸ் நிற்கும் இடங்களில் டீ குடித்துக்கொண்டே கேட்டேன்.

ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கழுகு இருந்தது. "அதுகெல்லாம் காசிக்குப் போயிருச்சுண்ணே, அங்கதான் பொணம் கெடைக்குது" என்றார் ஒருவர். இன்னொருவர் அது ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் என்று கையை விரித்துக் காட்டினார். அது ஒருநாளும் உயிருள்ளதைத் தூக்கியதில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர், "மொட்டக்கழுத்தா? மயிலு மாதிரி பெருசா? அப்படி ஒண்ணு நம்ம பக்கம் இருந்ததே இல்லையே மாப்ள" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார். அவர் வீட்டு மாடுகளை என் அப்பா இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கழுகுகள் அவர் வீட்டு வைக்கோல் படப்பின் மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் அதைச் சொன்னேன். அவர் சங்கடப்பட்டாரே தவிர, நினைவு வரவில்லை. ஒரு சின்னப்பயல் செல்போனில் வீடியோவைக் காட்டி, "இதுவா தாத்தா?" என்றான். ஆப்பிரிக்காவில் எடுத்தது. சிங்கத்துக்குப் பக்கத்தில் கழுகுகள் நின்றன. ஆமாம், இந்த மாதிரிதான் என்றேன். "நம்ம ஊர்லயா?" என்று சிரித்தான்.

நாலு மாதம் இப்படி அலைந்தேன். வெயிலில் இரண்டு தடவை மயங்கி உட்கார்ந்திருக்கிறேன். வானத்தில் எது சுற்றினாலும் வண்டியை ஓரங்கட்டுவேன். ஒருநாள் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போறீங்கன்னு இன்னைக்குச் சொல்லாம விட மாட்டேன்."

"கழுகப் பாக்க."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்றதும் அழ ஆரம்பித்தாள். வண்டியைத் திருப்பி உள்ளே விட்டேன். ஒரு வாரம் எங்கேயும் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் திருவாதவூரிலிருந்து போன் வந்தது. நான் முன்பு அந்தப் பக்கம் முகாமுக்குப் போயிருந்தபோது பழக்கமான விவசாயி; அவரிடமும் போனில் விசாரித்து வைத்திருந்தேன். "டாக்டரு, நீங்க கேட்டீகள்ல, அந்தப் பறவை. எங்க கண்மாய்க்கரையில செத்த ஆட்டுகிட்ட ஒண்ணு உக்காந்திருக்கு. நல்லாப் பெருசு. சீக்கிரம் வாங்க."

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டை மறந்திருந்தேன். வழி முழுக்க அதனிடம் பேசிக்கொண்டே போனேன். இருந்துரு, போயிராதே, நான் வந்துட்டேன். அறுபது வயதுக்காரன் ஒரு பறவையிடம் கெஞ்சிக்கொண்டு போனான்.

கண்மாய்க்கரையில் விவசாயி கைகாட்டிய இடத்தில் ஆடு கிடந்தது. அதன் மேல் தவிட்டு நிறத்தில் ஒரு பருந்து. ஊரில் குப்பைமேட்டிலெல்லாம் சுற்றுகிற சாதாரணப் பருந்து. கொஞ்சம் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

"இதுதானே டாக்டரு?" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இது பருந்துய்யா."

"கழுகும் பருந்தும் ஒண்ணுதானே?"

நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதேன். அந்த மனிதர் பயந்துபோய் என் தோளைப் பிடித்து, "வீட்டுல எதுவும் துக்கமா டாக்டரு?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். இறந்தது யார் என்று கேட்கவில்லை. அந்த நாகரிகம் என்னை இன்னும் கூசச் செய்தது.

வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கிருந்து நேரே, மதுரையைக் கடந்து, மேற்கே எங்கள் ஊருக்குப் போனேன். சாயங்காலம் ஆகிவிட்டது. அண்ணன் ஆடுகளுக்குத் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். மதினி சாப்பிட அழைத்தார்கள். அண்ணனிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றேன்.

"அண்ணே, அந்தக் கழுகுக கடைசியா எப்ப இருந்துச்சு?"

அவர் யோசிக்கவே இல்லை. "மரத்துல இருந்ததெல்லாம் ஒரு வருசத்துக்குள்ள பொத்துப் பொத்துன்னு விழுந்துருச்சு. நாந்தான் குழி வெட்டிப் பொதச்சேன். நாய் இழுக்கக்கூடாதுன்னு."

"பொதச்சியா? எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"நீ கேக்கல." குழையை முறுக்கிக் கட்டினார். "அப்பறம் ஏழெட்டு வருசம் ஒண்ணும் இல்ல. மாடு செத்தா நாயும் நாத்தமுந்தான். திடீர்னு ஒருநாள் ஒத்தக் கழுகு வந்துச்சு. எங்கிருந்து வந்துச்சோ. எனக்கு அம்புட்டு சந்தோசம். உம் மதினிகிட்டக் கூடச் சொல்லல. தெனம் போயிப் பாத்துட்டு வருவேன். அந்த வாரம் ஊருக்குள்ள மூணு மாடு செத்துச்சு. நல்லாத் தின்னுச்சு. அப்பறம் அதுவும் தலையத் தொங்கப்போட்டுருச்சு. ரெண்டே நாளு. அதுதான் கடைசி."

ஏழெட்டு வருடம் கழித்து. சுற்றறிக்கைக்கு அப்புறம்.

"அந்த மூணு மாட்டுக்கும் வைத்தியம் யாரு பாத்தா?"

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேற யாரு? நீதான்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி எது, அது என்ன செய்யும், சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டது, அதற்குப் பிறகும் அந்த ஊசியைப் போட்டது. அவர் என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் அங்கே போனேன் என்று நினைக்கிறேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"அந்த ஊசி இப்படிச் செய்யும்னு தெரிஞ்சிருந்தா அந்த மாடுகளப் பொதச்சிருப்பேனேடா. எனக்கென்ன, குழி வெட்டத் தெரியாதா? நானும்ல இழுத்துட்டுப் போயி அதுக வாய்க்குள்ள போட்டேன். வந்து தின்னுட்டுப் போன்னு ஒதுங்கி நின்னு பாத்தேன். அம்புட்டையும் நானும்ல சேந்து கொன்னிருக்கேன்."

"உனக்குத் தெரியாதுல்லண்ணே."

"உனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்ல என்ன வந்துச்சு உனக்கு?"

எனக்கு என்ன வந்தது? மேட்டைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது. அந்த வேலையைச் செய்கிறவர் என் அண்ணன் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. சுற்றறிக்கையில் 'இறந்த மாட்டை உண்ணும் பறவைகள்' என்று படித்தபோது, அந்த மாட்டைக் கொண்டுபோய்ப் போடுகிறவர் என் மனதில் வரவே இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவருக்குப் புரிந்திருக்கும். எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனவர் திரும்பி வரவில்லை.

மதினி இரண்டு தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில், "இன்னைக்குக் கெளம்புங்க தம்பி. அவுக வர மாட்டாக போலருக்கு" என்றார்கள்.

இரண்டு மாதம் அண்ணன் என் போனை எடுக்கவில்லை. பிறகு மதினிதான் கூப்பிட்டார்கள். விடிந்தால் மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறாராம், பொழுது சாய்ந்துதான் வருகிறாராம், ஆடுகளைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறாராம். "என்ன சொன்னீங்க தம்பி அவுககிட்ட? நல்லாத்தானே இருந்தாக?" என்று கேட்டார்கள். என் நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கிவைக்கப் போய், எழுபது வயதுக்காரர் தலையில் ஏற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் போனேன். மேடு இப்போது மேடாக இல்லை. பாதியை மண்ணுக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதியில் ஊர்க் குப்பை கிடக்கிறது. கோழிக்கடைக் கழிவைச் சுற்றி நாய்கள். அண்ணன் ஒரு கருவேலமரத்தின் அரைகுறை நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"அண்ணே, வீட்டுக்கு வா" என்றேன்.

கொஞ்சநேரம் நின்று பார்த்தேன். கால் வலித்தது. அவருக்குப் பக்கத்தில் உட்காரக் குனிந்தேன்.

"பாத்து உக்காரு" என்றார். "கண்ணாடிச் சில்லு கெடக்கு."

அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.